விமானம் கிளம்பாமல் போன விவரம்

மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாளின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கடிதத்தில் அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. தாங்கள் இதை உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதாக இருந்தால் முதலில் ஒரு தடவை தாங்கள் மட்டும் மனசுக்குள் படித்துவிடுவது நல்லது.

இந்நேரம் தங்கள் காதுக்கு இரண்டு செய்திகள் வந்து சேர்ந்திருக்கும். நம் உறவுக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒன்று, தங்கள் மகள், அதாவது என் மருமகள், கிளம்ப இருந்த விமானத்தை நிறுத்திவிட்டாள் என்பது. இரண்டு, நான் கேப்டன் வேஷம் போட்டுப் பயணிகளை ஏமாற்றினேன் என்பது. முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. வேஷத்தை நான் போடவில்லை, குளிருக்காக என் மேல் போட்டார்கள். எப்படி என்பதை முறையாகச் சொல்கிறேன்.

தாங்கள் இருக்கிற வீட்டை அடமானம் வைத்து மகளைப் பைலட்டுக்குப் படிக்க வைத்தீர்கள். கல்யாணத்தின்போது, "இனிமே அவளுக்குக் கஷ்டமே இல்ல சம்பந்தி, வானத்துலயே சம்பாதிப்பா" என்றும் சொன்னீர்கள். நானும் நம்பினேன். மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்தே காலத்தை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பைலட் சம்பளம் என்பதெல்லாம் எனக்கு எட்டாத உயரம். அப்படி நினைத்தவன் நான் மட்டும் இல்லை. மருமகள் பைலட் என்று தெரிந்த அன்றே வீட்டு உரிமையாளர் வாடகையை உயர்த்தினார். "பைலட் வீடு சார், உங்களுக்கு இது ஒரு காசா?" என்றார். காய்கறிக்காரர் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார். இதுவரை கல்யாணத்துக்குக்கூட வராத என் பெரியப்பா பிள்ளை நேரில் வந்து, என் உடல்நலத்தை அக்கறையாக விசாரித்து, கடன் கேட்டார்.

ஆனால் தங்கள் மகள் வேலை பார்ப்பது பெரிய கம்பெனியில் அல்ல என்பதைத் தாங்கள் மறந்துவிடக் கூடாது. வாடகைக்கு விமானம் விடும் சின்னக் கம்பெனி. மொத்தம் மூன்று விமானங்கள். அவற்றில் இரண்டு பறக்கும், மூன்றாவது அந்த இரண்டுக்கும் உதிரிபாகம் கொடுக்கும். முதலாளியை எல்லோரும் 'சேர்மன்' என்கிறார்கள். அவர் இதற்கு முன் பஸ் விட்டுக்கொண்டிருந்தவர். பஸ்ஸை விற்றாரே தவிர பஸ்காரப் பேச்சை விற்கவில்லை. "இன்னொரு ட்ரிப் அடிச்சிட்டு வந்துரும்மா" என்பதுதான் அவருடைய உத்தரவு. அங்கே சம்பளம் எப்படி என்றால், அடிப்படைச் சம்பளம் என்று ஒன்று உண்டு, அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மீதியெல்லாம் பறக்கும் நேரத்துக்குத்தான். சக்கரம் தரையை விட்டால் மீட்டர் ஓடும், தரையைத் தொட்டால் நின்றுவிடும். பயணி இறங்கிப் போய் யாரோடோ வியாபாரம் பேசி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வரும்வரை அங்கேயே காத்துக் கிடக்கிறார்களே, அது இவர்களுடைய சொந்த நேரம். கிடைக்கும் சம்பளத்திலிருந்தும் சீருடைக்குக் கொஞ்சம், பயிற்சி கொடுத்த செலவுக்குக் கொஞ்சம் என்று பிடித்துக்கொள்கிறார்கள். பாதியில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று வேறு கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். தங்கள் மகள் அங்கே கோ-பைலட், அதாவது கேப்டனுக்கு அடுத்த பைலட்; ஓட்டுவது மட்டும்தான் வேலை என்று நான் நினைத்திருந்தேன். பயணிகளின் பெட்டியை ஏற்றுவது, இருக்கைகளைத் துடைப்பது, மேலே போனதும் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பது, இறங்கியதும் யாராவது வாந்தி எடுத்திருந்தால் அதைக் கவனிப்பது எல்லாம் அவளேதான்.

வீட்டில் எங்கள் பாடு என்ன என்பதையும் கேளுங்கள். என் மகன் கப்பலில் வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. அவன் கடலில், இவள் வானத்தில், தரையில் மிச்சம் இருப்பது நானும் என் மனைவியும்தான். கம்பெனியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் போன் வரும். எடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. ஆகவே மருமகள் குளிக்கப் போனால் போனைப் பிடித்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு வெளியே நான் நிற்பேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பான பதவி இது. ஒரு நாள் போன் வந்தது. "மேடம் இல்லையா சார்?" என்றார் கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் குமாஸ்தா. "தூங்கறாங்க, காலையிலதான் வந்தாங்க" என்றேன். "தூங்கிட்டாங்களா? அப்ப ஓய்வு எடுத்தாச்சுன்னு போட்டுக்கறேன், கிளம்பச் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறந்ததால் பாவம் அந்தப் பெண்ணின் தூக்கம் அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் குமாஸ்தா எது கேட்டாலும் இருமிவிட்டு மருமகளிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன். அன்று மருமகள் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள். சிறிது நேரத்தில் அவளே போன் செய்தாள். "மாமா, ஃப்ரிட்ஜ் மேல என்னோட இன்னொரு கண்ணாடி இருக்கா பாருங்க. அது கையில இல்லாம என்னைப் பறக்க விட மாட்டாங்க." கண்ணாடி போடும் பைலட் மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமாம். நல்ல சட்டம்தான். நான் உடனே பேண்ட்டை மாட்டினேன். என் மனைவி விடவில்லை. "ஏர்போர்ட்டுக்குப் போறீங்க, அந்தக் கசங்கின சட்டையிலயா?" என்று அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் எடுத்துக் கொடுத்தாள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அவளும் ஒரு காரணம் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

டாக்ஸி ஓட்டி வந்தவர் ஒல்லியான இளைஞர், வெகு மரியாதையாகப் பேசினார். எங்கே போக வேண்டும் என்று சொன்னதும், "நானும் அங்கதான் சார் வேலை பாக்கறேன்" என்றார்.

"அப்படியா? கம்பெனி வண்டி ஓட்டறீங்களா?"

"ஆமா சார். ரெக்கை வச்ச வண்டி."

அவரும் ஒரு கோ-பைலட். லீவு நாளில் டாக்ஸி ஓட்டுகிறார். "இதுல ஒரு சௌகரியம் சார், வெயிட்டிங்குக்கும் காசு உண்டு" என்றார். போன வாரம் விமானத்தில் ஏறிய பயணி ஒருவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நேத்து நீதானே எனக்கு டாக்ஸி ஓட்டின?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்றதும் அந்தப் பயணி இறங்கி ரயிலில் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடியைக் கொடுத்துவிட்டு நான் திரும்பியிருக்கலாம். மருமகள்தான், "மத்தியானத்தோட எனக்கு முடிஞ்சிடும் மாமா, சேர்ந்தே போயிடலாம். உள்ள ரெஸ்ட் ரூம்ல உக்காருங்க" என்று சொல்லி, கழுத்தில் பார்வையாளர் அட்டை ஒன்றை மாட்டிவிட்டு, சிமெண்ட் வியாபாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு பறந்து போனாள். சொன்னபடி மத்தியானம் திரும்பியும் வந்தாள். ஆனால் சிமெண்ட் வியாபாரி மறுபடி எங்கேயோ போக வேண்டியிருக்கலாம், இருங்கள் என்று குமாஸ்தா நிறுத்தி வைத்தார். அந்த 'இருக்கலாம்' சாயங்காலம்வரை இழுத்தது. அதுவரை நான் அந்த ஓய்வறையில் இருந்தேன். ஓய்வறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சாமான் அறையில் ஒரு சோபா, அதன் ஒரு கால் இருந்த இடத்தில் விமானத்தின் தடித்த புத்தகம் ஒன்றைச் சொருகியிருந்தார்கள். சோபாவில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் நம்மைக் குத்தி, இங்கே உட்காராதே என்று சொல்லும். தலைக்கு மேலே ஏசி. அதை நிறுத்தவும் முடியாது, குறைக்கவும் முடியாது, பொத்தான் உடைந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் பழுது பார்க்கிறார்கள், யாரோ நம் மண்டைக்குள்ளேயே ரிவெட் ஆணி அடிப்பதுபோல் இருக்கும். அந்த அறையில் மருமகளும், அவளோடு பறக்கும் நரைமீசை கேப்டனும், நானும். கேப்டன் நல்ல மனிதர். காத்திருக்கும் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு போனில் ஊரார் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். "எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போ... போயாச்சா? குறி மாத்தினியா?" என்று ரிவெட் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார். மருமகள் இரண்டு தடவை கண்ணை மூடப் பார்த்தாள், இரண்டு தடவையும் ரிவெட் எழுப்பிவிட்டது. நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்த கேப்டன், கணக்கை நிறுத்தாமலே தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். "போட்டுக்குங்க சார், எனக்குப் பழகிப்போச்சு." கறுப்புக் கோட்டு. இரண்டு கையிலும் தங்கப் பட்டை. நான் கையை நுழைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டேன். குளிர்தான் காரணம், வேறு எந்த உள்நோக்கமும் இல்லை.

சாயங்காலம் சேர்மன் வந்தார். மாவு மில் அதிபர் ஒருவர் குடும்பத்தோடு, ஏகப்பட்ட பெட்டிகளோடு வெளியே காத்திருக்கிறாராம், உடனே கிளம்ப வேண்டுமாம். மருமகள் எழுந்து நின்றாள்.

"சார், என் ட்யூட்டி நேரம் முடிஞ்சிடுச்சு. இதுக்கு மேல நான் ஓட்டக் கூடாது."

"என்னம்மா முடிஞ்சது? மத்தியானம் பூரா இங்க ரெஸ்ட்ல தானே இருந்தே? அதக் கழிச்சிடு, நேரம் நிறைய இருக்கு."

"ரெஸ்ட்னா படுக்கை இருக்கணும் சார். அமைதியா இருக்கணும். இது ரெஸ்ட் இல்ல."

"சோபா இருக்கேம்மா!"

"அதுல நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்க சார்."

சேர்மன் உட்காரவில்லை. குரலை இறக்கினார். "முக்கால் மணி நேரம். போயிட்டு வந்துடு. நாளைக்கு லேட்டா வா."

"எனக்குக் கண்ணு எரியுது சார். இறங்கும்போது ஒரு தப்பு நடந்தா அது முக்கால் மணி நேரத் தப்பா இருக்காது. நான் ஓட்ட மாட்டேன்."

"அப்ப கையெழுத்துப் போட்ட பணத்த எடுத்து வச்சிட்டுப் போம்மா."

சம்பந்தி, தங்கள் மகள் குரலை உயர்த்தவே இல்லை. அவள் கையில் இருந்த மாற்றுக் கண்ணாடிப் பெட்டி மட்டும் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அடமானத்தில் இருக்கும் வீட்டை அவள் நினைக்காமல் இருந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. சேர்மன் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் போனை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். சேர்மன் வேறு கோ-பைலட் தேட ஆரம்பித்தார். ஒல்லி இளைஞருக்குப் போன் போட்டார், அவர் வண்டியில் சவாரி இருந்தது. இன்னொருவர் எடுக்கவே இல்லை.

இதற்கு மேல் அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று கதவைத் திறந்தேன். வாசலில் மாவு மில் அதிபர், அவர் மனைவி, அவருடைய அம்மா, பெட்டிகள். பார்வையாளர் அட்டை கோட்டுக்குள் போய்விட்டிருந்தது. என் தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மகனிடம், "பாருடா, நல்ல வயசான கேப்டன். இவர்னா நான் தைரியமா ஏறுவேன்" என்றார்.

மில் அதிபர் என் கையைக் குலுக்கினார். "என்ன கேப்டன், உள்ள ஏதோ சத்தமா இருந்துச்சு? கிளம்பலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

நான் கேப்டன் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "வேணாங்க. ஓட்ட வேண்டிய பொண்ணு விடியறதுக்கு முன்னாடி எழுந்தவ. பகல் பூரா நான் கூடவேதான் இருந்தேன், ஒரு நிமிஷம் கண்ணு மூடல. இந்த நிலைமையில எங்க வீட்டுல அவளை அடுப்புல பால் வைக்கக்கூட விட மாட்டோம்."

மில் அதிபர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். "பெட்டிய எடுங்க" என்றார். பின்னாலேயே ஓடி வந்த சேர்மன், "சார், சார், அவர் சொல்றத கேக்காதீங்க" என்று கெஞ்சினார். "உங்க கேப்டனே வேணாங்கறாரு, நீங்க போகச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு மில் அதிபர் காரில் ஏறினார். கார் கிளம்பிப் போன பிறகுதான் சேர்மன் என்னைச் சரியாகப் பார்த்தார்.

"யோவ், யாருய்யா நீ?"

"இவளோட மாமனாருங்க."

"கோட்டு?"

"குளிருதுன்னு கொடுத்தாருங்க."

அதன் பிறகு அவர் பேசியவை பஸ் நிலையத்தில் மட்டுமே பேசத் தகுந்தவை. தங்கள் மகளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். கேப்டன் வந்து என்னிடமிருந்து கோட்டை வாங்கி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பிறகு சேர்மனிடம், "நானும் காலையிலேர்ந்து ட்யூட்டி சார். அவ சொன்னப்ப நானும் சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எங்களோடு நடந்து வந்துவிட்டார். வாசலில் ஒல்லி இளைஞரின் டாக்ஸி நின்றது, சவாரியை இறக்கிவிட்டு விவரம் கேட்க வந்திருந்தார். எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் போன் அடிக்கவில்லை. மருமகள் ஒரு முழு நாள் தூங்கினாள். எழுந்து வந்து, "யாரும் கூப்பிடலையா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நிம்மதியாக இருப்பாள் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது. என் மனைவி பொறுக்க முடியாமல், "இந்தப் பாழாப்போன வேலையில என்னதான்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். "மேகத்தைத் தாண்டி மேல போயிட்டா வெயில் பளிச்சுனு இருக்கும் அத்தை. கீழ என்ன மழை பெஞ்சாலும் சரி. அங்க யாரும் என்னை எதுவும் கேக்க முடியாது" என்றாள் மருமகள். என் மனைவிக்கு இது புரியவில்லை. எனக்குப் புரிந்ததுபோல் இருந்தது, ஆனால் அதற்காக ஒரு பெண்ணை இப்படி வறுத்தெடுக்கலாமா?

ஆகவே சம்பந்தி, நான் தீர்மானமாக எழுதுகிறேன். இந்த வேலை அவளுக்கு வேண்டாம். தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வாருங்கள். வக்கீலாக இருக்கும் தங்கள் மைத்துனரையும் அழைத்து வாருங்கள், அந்தக் கையெழுத்துக்கு என்ன வழி என்று பார்ப்போம். என் ஓய்வூதியத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், அடமானத்தைப் பற்றித் தாங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டாம். நான் சொன்னால் அவள் சிரிப்பாள். தாங்கள் சொன்னால் கேட்பாள். தாங்கள் வந்து அவளை ஒரு மாதமாவது அழைத்துப் போய் வைத்துக்கொண்டு, கால் தரையில் படுகிற வேலை ஏதாவது பார்க்கும்படி புத்தி சொல்ல வேண்டும். தாமதிக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். நமக்கு இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, படித்து, இதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் போக எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் சேர்மன் வீட்டுக்கே வந்துவிட்டார். மாவு மில் அதிபர் தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களிடமெல்லாம், களைப்பாக இருந்தால் கிளம்ப மாட்டேன் என்று சொல்கிற ஒரே கம்பெனி இதுதான் என்று சொல்லிவிட்டாராம். விமானம் கேட்டு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்களாம். சேர்மன் மருமகளிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் எங்கள் வீட்டுக் காபியைப் புகழ்ந்தார். ஓய்வறைக்கு இரண்டு கட்டில், காத்திருக்கும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம், ஓய்வு நேரத்தில் போன் கிடையாது என்று கேப்டனும் ஒல்லி இளைஞரும் மருமகளும் சேர்ந்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே அவள் பறக்கப் போய்விட்டாள். ஆகவே வக்கீல் வேண்டாம். இதோடு முடிந்திருந்தால் மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன். மில் அதிபரின் அம்மா 'அந்த வயசான கேப்டன்' எங்கே என்று விடாமல் கேட்பதால், பயணிகள் நல அதிகாரி என்று ஒரு பதவியை உண்டாக்கி, கோட்டும் கொடுத்து, சேர்மன் என்னையே வேலைக்கு வைத்துக்கொண்டார். நேற்றுதான் வேலையில் எனக்கு முதல் நாள். வானத்தில் கறுப்பாக ஒரு மேகம் தெரிந்தது. விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்த பயணிகளில் ஒருவர், "போகலாமா கேப்டன்?" என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது, வேண்டாம் என்றேன். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். மேகமும் சற்று நேரத்தில் போய்விட்டது. அதற்கு முன்பே வானிலையைப் பார்த்து, சரிதான் என்று இயந்திரத்தைக் கிளப்பி உட்கார்ந்திருந்தவள் தங்கள் மகள்தான். சக்கரம் தரையை விடாததால் அன்றைய பறக்கும் சம்பளம் அவளுக்குப் போச்சு. இன்று காலை இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம், ஒரே ஒரு திருத்தம் போடச் சொன்னாள்: தாங்கள் அவசியம் கிளம்பி வர வேண்டும், ஆனால் ஒரு மாதம் அழைத்துப் போய் வைத்துக்கொண்டு புத்தி சொல்ல வேண்டியது அவளுக்கு அல்ல, எனக்கு.